பொலிகாளை: தோலுக்கு வெளியே பார்த்தவர்களும் உள்ளே பார்த்தவர்களும்

1924இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அமெரிக்க பிராமன் வளர்ப்போர் சங்கம் என்பது அதன் பெயர். கால்நடை ஆய்வாளர் பயிற்சியில் இருந்தபோது ஒரு பாடப்புத்தகத்தில் இந்தப் பெயரைப் படித்துவிட்டு நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் என்னடா என்றான். சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் பார்ப்பனருக்கு எந்த எழுத்துகளைப் போடுகிறார்களோ அதே எழுத்துகள். வளர்ப்பது மாட்டை. பாலுக்கு இல்லை, ஏருக்கு இல்லை, பூசைக்கும் இல்லை. கறிக்கு. நெல்லூர், ஓங்கோல், குஜராத் பக்கங்களிலிருந்து போன திமில் மாடுகளின் வாரிசுகளை, நல்ல கறி போடும் காளை எது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, அந்த இனத்துக்கு வைத்த பெயர் பிராமன்.

நான் 30 வருசத்துக்கும் மேலே கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்பக்கம் எங்களை 'சினை ஊசி போடுறவரு' என்பார்கள். நைட்ரஜன் கேனுக்குள் மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் காளை விந்தை எடுத்து, பசுவுக்கு ஏற்றுவது எங்கள் வேலை. அதாவது எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்று தீர்மானிக்கிற வேலை. என் அப்பாவழித் தாத்தா, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் செத்த மாடு தூக்கினவர்கள். செய்யாறு பக்கம் ஒரு சேரி. இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது. அது டெக்சாஸ் வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது.

முதலில், கறிக்காக மந்தை வளர்க்கிறவன் பொலிகாளையை எப்படிப் பொறுக்குகிறான் என்று பார்த்துவிடலாம். இது தெரிந்தால்தான் மீதி புரியும்.

ஒரு பசு வருசத்துக்கு ஒரு கன்று போடும். மந்தையில் விட்ட ஒரு காளை 25, 30 பசுக்களைச் சினைப்படுத்தும். அதன் பெண் கன்றுகளை மந்தையிலேயே நிறுத்திக்கொள்வார்கள். இப்படி மூன்று தலைமுறை போனால், இன்றைக்குப் பிறக்கிற கன்றின் ரத்தத்தில் எட்டில் ஏழு பங்கு கடைசியாக வந்த மூன்று காளைகளிடமிருந்து வந்ததாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே காளையை வாங்குகிற அன்றைக்கு ஒருவன் பத்துப் பதினைந்து வருசத்து மந்தையை வாங்குகிறான்.

அவன் எதைப் பார்க்கிறான்? முதலில் விதைப்பையைச் சுற்றி நாடாவை வைத்து அளக்கிறான். ஒரு வயது தாண்டிய ஐரோப்பிய இனக் காளைக்கு 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். விதை பெரிதாக இருந்தால் விந்து அதிகம் என்பது மட்டுமில்லை, அந்தக் காளையின் பெண் கன்றுகள் சீக்கிரம் பருவத்துக்கு வரும். பிறகு விந்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நூற்றுக்கு 70 அணுவாவது உருவம் சரியாக இருக்க வேண்டும். கால் குளம்பு, நடை, கண், சுபாவம் இவையெல்லாம் உண்டு. அப்புறம் எடைகள். பிறந்த எடை, பால்மறந்த எடை, ஒரு வயது எடை. அந்தக் காளையின் எடை மட்டுமில்லை, அதன் கூடப்பிறந்தது, அது போட்ட கன்றுகள் எல்லாவற்றின் எடையையும் வைத்து, இந்தக் காளை தன் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கும் என்று கணக்கிட்டு ஒரு எண் தருவார்கள். கடைசியாக, உயிரோடு நிற்கிற காளையின் முதுகில், 12ஆம் விலாவுக்கும் 13ஆம் விலாவுக்கும் நடுவில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். கண்கறியின் பரப்பு எவ்வளவு, அதன் மேல் கொழுப்பு எத்தனை கனம், சதைக்குள்ளே கொழுப்பு ஓடியிருக்கிறதா என்பதெல்லாம் தோலை உரிக்காமலேயே தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. விலாவுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு மிஷின் வேண்டியதில்லாத மனுசர் அவர்.

எங்கள் ஊர்களில் பொலிகாளையை எப்படிப் பொறுக்கினார்கள்? சுழி பார்த்து. மாட்டின் உடம்பில் மயிர் சுழிந்திருக்கிற இடத்தை வைத்து யோகம் சொல்வது. கோபுரச் சுழி நல்லது, லட்சுமிச் சுழி நல்லது. பாடைச் சுழி இருந்தால் வீட்டில் சாவு. பெண்டிழந்தான் சுழி இருந்தால் பெண்டாட்டி சாவாள். துடைப்பச் சுழி இருந்தால் செல்வத்தைத் துடைத்துவிடும். அப்புறம் நிறம், கொம்பு, திமில். இழுவைக்கு வேண்டிய கழுத்தும் காலும் பார்க்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். காங்கேயம் இனத்தைச் செம்மைப்படுத்தியதாகப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தைச் சொல்கிறார்கள். அந்த மாட்டின் உழைப்பைப் பார்த்தால் பொறுக்கினவர்களுக்குக் கண் இருந்தது தெரியும். ஆனால் அந்தக் கண்ணும் தோலோடு நின்றுபோகிற கண்தான். ஏருக்கும் வண்டிக்கும் கவலைக்கும் எது தேவையோ அதைத்தான் பார்த்தது. தோலுக்கு உள்ளே பார்க்கிறவன் தீண்டத்தகாதவன். அவனுக்கு மாடு வருவது செத்த பிறகு. சுழி பார்க்கிற கண்ணும் குடல் பார்க்கிற கண்ணும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்று இங்கே ஏற்பாடு.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்று இருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது அது நல்ல வாலிபத்தில் இருந்தது. வெள்ளைக் காளை. எந்த வயலிலும் மேயலாம், யாரும் அடிக்கக்கூடாது. சேரிக்காரன் குத்தகைக்கு எடுத்து வைத்த அரைக்காணிப் பயிரிலும் மேயும். ஊர்ப் பசுக்கள் பூராவுக்கும் அதுதான் பொலிகாளை. கன்றாக இருக்கும்போதே சுழி பார்த்துப் பொறுக்கி விட்டதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

ஒரே வருசத்தில் மூன்று கிடேரி செத்தது. மூன்றும் தலையீத்து. செத்த செய்தியோடு தோட்டி வந்து தாத்தாவைக் கூப்பிடுவான். அவர் என் சித்தப்பாக்களோடு போய்த் தூக்கி வந்து ஏரிக்கரைப் புளியமரத்தடியில் போட்டு அறுப்பார். நானும் போய் உட்கார்ந்திருப்பேன். கறி கூறு போடும்போது பிள்ளைகளுக்கு ஈரல் துண்டு சுட்டுத் தருவார்கள். அதற்காகத்தான் போவது, பொய் சொல்வானேன். மூன்றாவது மாட்டை அறுத்த அன்றைக்குத் தாத்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். உள்ளே கன்று அப்படியே மாட்டிக்கிடந்தது. இரண்டு கையாலும் கன்றின் தலையைப் பிடித்துக் காட்டினார்.

"பாருடா. மூணு கன்னும் இதே தல. இதே தோளு. இம்மாம் அகலம். சின்னக் கிடேரி இடுப்புல எப்பிடிடா இது வரும்? கோயில் காளதான் கொல்லுது."

மறுநாள் அவர் ஆண்டை வீட்டுக்குப் போனார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்று சொன்னார். "ஆண்ட, கோயில் காளய வேற ஊருக்கு மாத்திவுடுங்க. இல்லாங்காட்டி, மொத ஈத்துக் கிடேரிங்கள அதுங்கிட்ட வுடாதீங்க. கன்னு பெருசா வுழுது." ஆண்டை திண்ணையில் இருந்தபடியே சொன்ன பதில் இது: "செத்ததத் தின்றவன் பொழைக்கிறதுக்கு ரோசன சொல்ல வந்துட்டியா? சாமி மாட்டப் பேசுன, வாயி வெந்துபோவும்." அதற்கு மேல் அவர் பேசவில்லை. அடுத்த வருசம் இன்னும் இரண்டு கிடேரி செத்தது. அதையும் அவர்தான் அறுத்தார்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாடு செத்தால் சேரிக்குக் கறி. தாத்தா சொன்ன யோசனை அவர் கூறுக்கே எதிரானது.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த பாடங்களில் ஒன்று, கிடேரிக்குப் போடும் காளையைக் கன்றின் பிறப்பு எடை பார்த்துப் பொறுக்கு என்பது. கறி மந்தைக்காரன் இன்றைக்கும் கிடேரிகளுக்குத் தனியாக ஒரு காளை வைத்திருப்பான், சின்னக் கன்று போடுகிற காளையாகப் பார்த்து. தாத்தா வாசலில் நின்று சொன்னது அதுதான். அவர் மூன்று பிணத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டது. 'பிரேதப் பரிசோதனை' என்று டாக்டர் செய்தால் அதற்கு மதிப்பு. சேரிக்காரன் செய்தால் அது பிணந்தின்னி வேலை.

இனி டெக்சாஸ் கதைக்கு வருகிறேன்.

1854இல் லூசியானா மாநிலத்தில், செயின்ட் பிரான்சிஸ்வில் என்ற ஊரைச் சேர்ந்த ரிச்சர்ட் பேரோ என்கிற தோட்ட முதலாளிக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் இந்தியாவிலிருந்து இரண்டு காளைகளைப் பரிசாக அனுப்பியது. இந்தியாவில் பருத்தியும் கரும்பும் பயிரிடுவதற்காக பிரிட்டிஷ்காரர்களுக்குத் தொழில் சொல்லித்தந்ததற்காக அந்தப் பரிசு. லூசியானாவில் 1854இல் பருத்தித் தோட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கறுப்பு அடிமைகளின் உழைப்பில் விளைந்த பருத்தி அறிவுக்கு, நம் ஊர் மாடு கூலி. 1873இல் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' நூலை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பது நமக்குத் தெரியும். புலேயின் வணக்கம் போவதற்கு 19 வருசம் முன்னாலேயே மாடு போய்விட்டது, அடிமை முதலாளி பக்கத்துக்கு.

பிறகு 1885இல் இரண்டு காளைகள். 1905-06இல் டெக்சாஸ் பியர்ஸ் பண்ணையின் மேலாளர் போர்டன் இந்தியாவுக்கே வந்து பொறுக்கி எடுத்துப் போனார். நியூயார்க் துறைமுகத்தில் தனியே நிறுத்தி வைத்தபோது சர்ரா நோய் கண்டு பல மாடுகள் போய்விட்டன. கடைசியில் டெக்சாஸ் சேர்ந்தவை 30 காளைகளும் 3 பசுக்களும். 1920களில் பிரேசிலிலிருந்து மெக்சிகோ வழியாக இன்னொரு கூட்டம் போனது. 1854 முதல் 1926 வரைக்கும் மொத்தமாகப் போனவை 300க்கும் குறைவு, அவற்றில் மிகப் பெரும்பாலானவை காளைகள்.

ஏன் இந்த மாடு? டெக்சாஸ் வெயிலில் இங்கிலாந்து மாடுகள் மூச்சிரைத்து நிழலில் நின்றன. உண்ணி கடித்துக் காய்ச்சலில் செத்தன. அந்தக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று 1893இல் ஸ்மித்தும் கில்பர்னும் நிரூபித்தார்கள். திமில் மாடு வெயிலில் மேய்ந்தது. குட்டை மயிர், தளர்ந்த தோல், நல்ல வியர்வை. உண்ணி அதிகம் ஏறுவதில்லை. ஆகவே இந்தியக் காளையை இங்கிலாந்துப் பசுவின் மேல் விட்டார்கள். பிறந்த கலப்புக் கன்று தாயையும் தகப்பனையும் தாண்டி வளர்ந்தது. தூரத்து ரத்தம் சேரும்போது வருகிற வீரியம் இது. கறிக்கு விற்கிறவன் அந்த வீரியத்துக்காகவே தன் பசு இனத்தில் இல்லாத காளையாகத் தேடி வாங்குவான்.

உடனே நம்ம ஆட்கள் சிலர் கிளம்பிவிடுவார்கள், பார்த்தாயா கலப்பே நல்லது என்று மாடே சொல்கிறது என்று. தயவுசெய்து வேண்டாம். மாட்டைக் காட்டி மனுசனுக்கு நியாயம் பேசுவது அவர்களுடைய வழி. 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர், சாதி என்பது இனத்தூய்மைக்கான ஏற்பாடு என்ற வாதத்தை எடுத்து உடைத்தார். கலப்பு மணம் வேண்டும் என்று அவர் சொன்னது வீரியத்துக்காக இல்லை. உறவு உண்டாவதற்காக.

ஆனாலும் ஒரு ஒப்புமையைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. காளைகள் மட்டுமே போய்ச் சேர்ந்த ஊரில் 'தூய' இனம் எப்படி உண்டாகும்? உள்ளூர்ப் பசுவுக்குப் பிறந்தது பாதி. அதன் மகளை மறுபடி இந்தியக் காளையோடு சேர்த்தால் முக்கால். அடுத்தது எட்டில் ஏழு. பிறகு பதினாறில் பதினைந்து. ஐந்தாவது தலைமுறையில் முப்பத்திரண்டில் முப்பத்தொன்று. அவ்வளவு வந்தால் மாட்டுச் சங்கங்கள் பலவும் தூய இனம் என்று பதிவு செய்துகொள்ளும். மனு பத்தாம் அத்தியாயத்தில் இதே கணக்கைப் போட்டிருக்கிறார். பார்ப்பன ஆணுக்கும் சூத்திரப் பெண்ணுக்கும் பிறந்த மகளை மறுபடி மறுபடி பார்ப்பனனுக்கே கொடுத்துவந்தால் ஏழாவது தலைமுறையில் மேல்வருணம் ஆகலாம். டெக்சாஸ் மாட்டுக்காரன் மனுவை விட இரண்டு தலைமுறை தாராளம்.

பெயருக்கு வருவோம். 1924இல் சங்கம் ஆரம்பித்தபோது அதன் செயலாளர் சார்ட்வெல் என்பவர் பிராமன் என்ற பெயரை முன்மொழிந்தார். குஜராத்தின் காங்க்ரேஜ், கிர் மாடுகள், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகள், நம்முடைய நெல்லூர் மாடுகள் எல்லாம் கலந்த கூட்டுக்கு அந்தப் பெயர். புனித மாடு, பார்ப்பனர் மாடு என்று வெள்ளைக்காரன் காதில் விழுந்த பேச்சு அப்படியே இனப் பெயராகிவிட்டது. ஓங்கோல் காளையை வளர்த்தவன் குடியானவன். அதற்குப் புல் அறுத்துப் போட்டவன், சாணி அள்ளியவன், செத்தால் தூக்கியவன் மாலனும் மாதிகனும். பெயர் மட்டும் பார்ப்பனருடையது. மாட்டுச் சந்தையில் கூட அவர்களுக்குத்தான் தர்ப்பை போட்டுப் பந்தி.

கிங் ராஞ்ச் என்று டெக்சாஸில் பெரிய பண்ணை ஒன்று உண்டு. 1920இல் அங்கே ஒரு சிவப்புக் காளைக்கன்று பிறந்தது. ஷார்ட்ஹார்ன் ரத்தமும் திமில் மாட்டு ரத்தமும் கலந்தது. அதற்கு 'மங்கி', அதாவது குரங்கு என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு காளையைப் பொறுக்கி, அதன் மகன்களையும் பேரன்களையும் வைத்துத்தான் சாண்டா கெர்ட்ரூடிஸ் என்ற கறி இனத்தையே உண்டாக்கினார்கள். எட்டில் மூன்று பங்கு இந்திய ரத்தம், ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன். இந்திய ரத்தம் அதற்கு மேல் ஏறினால் கறி கடினப்படும் என்பதையும் அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். 1940இல் அமெரிக்க அரசு அதைத் தனி இனமாக ஒப்புக்கொண்டது. புத்தகங்களில் பண்ணை முதலாளி கிளேபெர்க் பெயர் இருக்கிறது, குரங்கின் பெயரும் இருக்கிறது. அந்தப் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து, கட்டி, கன்று எடுத்த மெக்சிகக் குடும்பங்களுக்கு 'கினேன்யோ' என்று ஒரு பொதுப்பெயர்தான். கிங்கின் ஆட்கள் என்று அர்த்தம். நமக்குப் பழக்கமான இலக்கணம்.

லாசட்டர் என்று இன்னொரு டெக்சாஸ்காரர். 1930களில் பீஃப்மாஸ்டர் என்ற இனத்தை உண்டாக்கினார். காளை பொறுக்க ஆறே ஆறு விஷயம் வைத்திருந்தார்: சுபாவம், இனவிருத்தி, எடை, உடற்கட்டு, தாக்குப்பிடிக்கும் திறன், தாயின் பால். நிறத்தைப் பார்க்கக்கூடாது என்பதில் பிடிவாதம். தோலை உரித்துக் கொக்கியில் மாட்டிய பிறகு எது தெரியாதோ அது தனக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. அப்படிப் பார்த்தால் நம் சுழி சாஸ்திரம் மொத்தமும் தோலோடு சேர்ந்து பதனிடப் போய்விடும்.

பிரேசிலில் நம்ம மாட்டின் பெயரே ஊர்ப்பெயர்தான், நெலோரே. 1960களின் தொடக்கத்தில் பிரேசில் வளர்ப்பாளர்கள் ஆந்திராவுக்கு வந்து கிராமம் கிராமமாகப் பார்த்து ஓங்கோல் காளைகளை வாங்கிப் போனார்கள். வழியில் பெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் நிறுத்திவைத்து நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் நாட்டுக்குள் விட்டார்கள். ஓங்கோலுக்குப் பக்கத்தில் இருக்கும் கரவடி கிராமத்தின் பெயரைத் தாங்கிய 'கார்வாடி' என்ற காளை அப்போது போனதுதான். பிரேசிலில் இன்று 20 கோடிக்கு மேல் மாடுகள். பெரும்பங்கு நெலோரே அல்லது அதன் கலப்பு. வம்சப் பட்டியலைப் பின்னால் புரட்டினால் கார்வாடி வந்துகொண்டே இருக்கிறது. உலகத்துக்கு மாட்டுக்கறி ஏற்றுமதி செய்வதில் அந்த நாடு முதல் வரிசையில் நிற்கிறது. கரவடியும் ஓங்கோலும் 1953 வரைக்கும் நம்மோடு ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தவை.

அதே காளை இங்கே ஏன் கறிக்காளை ஆகவில்லை? மாட்டுக்கறி தின்பவர்கள் இல்லாமலா? அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டத்தகாதார்' நூலில், மாட்டுக்கறியை விடாததுதான் தீண்டாமையின் வேர் என்று காட்டினார். பசுவைப் பலியிட்டுத் தின்ற பார்ப்பனர் பௌத்தத்தை வெல்ல அதை விட்டார்கள், விடமுடியாத உதிரி மக்கள் ஒதுக்கப்பட்டார்கள் என்பது அவர் வாதம். இதில் நான் சேர்க்க விரும்புவது ஒன்று. ஒதுக்கப்பட்டவனுக்குக் கறி மறுக்கப்படவில்லை. காளையைப் பொறுக்குகிற உரிமை மறுக்கப்பட்டது. உழைத்துக் களைத்துச் செத்த மாடு, நோயில் விழுந்த மாடு, மிச்சம். நல்ல கறிக்கென்று ஒரு மாட்டை அதன் தகப்பன் காலத்திலிருந்து திட்டமிட்டு வளர்ப்பது இங்கே நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியமாக இருந்தது.

அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். முதல் வரைவில் அது இல்லை. 1948 நவம்பரில் தாகூர் தாஸ் பார்கவா கொண்டுவந்த திருத்தம். மாட்டினங்களைப் பாதுகாத்து மேம்படுத்துவது, பசு, கன்று, கறவை, இழுவை மாடுகளை வெட்டுவதைத் தடைசெய்வது, இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். உலகத்தில் மாட்டினத்தை மேம்படுத்தினவன் எவனும் கழித்துக்கட்டாமல் மேம்படுத்தியதில்லை. நூறு காளைக்கன்றில் இரண்டைப் பொலிக்கு நிறுத்தி மீதியைக் கறிக்கு அனுப்புவதால்தான் அந்த இரண்டும் நல்ல காளை. விஞ்ஞானம் என்றும் எழுதி, அதன் கையையும் கட்டியிருக்கிறது அந்த வாக்கியம்.

1958ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 10 வயதுக்கு மேல் ஆகி, வேலைக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லை என்று சான்றிதழ் வாங்கிய மாட்டைத்தான் வெட்டலாம். காயம்பட்டு, தீராத நோய் வந்து ஒன்றுக்கும் உதவாமல் போனதையும் வெட்டலாம். அதாவது எது பொலிகாளை ஆக முடியாதோ அது நமக்கு. அதே வருடம் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றமும், பசுவைத் தொடாதே, உபயோகமற்ற காளையையும் எருதையும் வெட்டத் தடை போட முடியாது என்றது. 2005இல் குஜராத் வழக்கில் அதையும் மாற்றி முழுத் தடை செல்லும் என்றார்கள். செத்த மாட்டை உரித்ததற்காக 2016 ஜூலையில் குஜராத் உனாவில் தலித் இளைஞர்களைக் கட்டி வைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே நம் மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் கொட்டினார்கள். உங்கள் அம்மாவை நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார்கள்.

2017 ஜனவரியில் மெரினாவில் நாட்டுக் காளைக்காகக் கூட்டம் கூடியது. வாடிவாசலில் நிற்கிற காளைதான் நல்ல பொலிகாளை, அது போனால் நாட்டு இனமே அழியும் என்றார்கள். அதில் உண்மையும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. நானும் ஒரு நாள் போய் நின்றேன். அதே வருடம் மே 23இல் மத்திய அரசு, சந்தையில் மாட்டை வெட்டுவதற்கு விற்கக்கூடாது என்று விதி போட்டது. ஒரு வாரத்தில் மதுரையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. போராட்டங்கள் நடந்தன, மாட்டுக்கறி தின்ற மாணவர் ஒருவர் சென்னையில் அடிபட்டார். ஆனால் ஜனவரிக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட மே மாதத்தில் வரவில்லை. காளை எல்லாருக்கும் சொந்தம். கறி எங்களுக்கு மட்டும்.

என் தப்பு ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 1998. ஒரு ஊரில் வசதியான விவசாயி ஒருவர். சினை ஊசி போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்பார்களே, அதே கேள்வி: "சாருக்கு எந்த ஊரு?" சொன்னேன். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். அதற்கு அடுத்த முறை கூப்பிட்டபோது 'சார்' இல்லை. சின்னக் கிடேரி, நாட்டு மாட்டுக் கலப்பு, இடுப்பு குறுகல். ஜெர்சிதான் சரி என்றேன். அவர் கறுப்பு வெள்ளை மாட்டு ஊசிதான் வேண்டும் என்றார். வேண்டாம், கன்று பெரிதாகும் என்றேன். "மாடு வச்சிருக்கிறவனுக்குத் தெரியாததா? உங்காளுங்களுக்கு மாட்டப் பத்தி இன்னா தெரியும், திங்கத்தான் தெரியும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில், அப்படியானால் அனுபவி என்று கேனிலிருந்து ஃப்ரீசியன் ஸ்ட்ராவை எடுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பது மாதம் கழித்து அந்தக் கிடேரி கன்று மாட்டிக்கொண்டு செத்தது. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டிலிருந்தே அந்த ஊர்ச் சேரிப் பையன்கள் செத்த மாடு தூக்குவதில்லை, பறையடிப்பதில்லை என்று நிறுத்தியிருந்தார்கள். மாடு ஒரு நாள் பூரா கிடந்து, டிராக்டரில் கட்டி இழுத்துப் போனார்கள். நான் தள்ளி நின்று பார்த்தேன். தாத்தா தன் கூறுக்கு எதிராகப் போய் வாசலில் நின்று சொன்னவர். நான் படித்தவன், கையில் கேன் இருந்தது, மறுக்கிற அதிகாரமும் இருந்தது. கோபத்தில் ஒரு வாயில்லாத ஜீவனைக் கொன்றேன்.

இப்போது பெண் கன்று மட்டும் பிறக்கிற ஊசி வந்திருக்கிறது. நூற்றுக்கு 90 பெண். காளைக்கன்று யாருக்கும் வேண்டாம். ஏருக்கு டிராக்டர் வந்துவிட்டது, கறிக்குச் சட்டம் விடாது. டெக்சாஸ்காரன் ஆண்கன்றின் தொடைக்கறிக்காகக் காளையைப் பொறுக்குகிறான். இங்கே ஆண்கன்றே பிறக்காமல் இருக்கக் காளையைப் பொறுக்குகிறோம்.

எங்கள் சேரியில் இன்று வீட்டுக்கு ஒன்று, இரண்டு கறவை இருக்கிறது. பெண்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள், சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறார்கள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு மருமகள் கிடேரியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, இதுக்கு மொத தடவ. பெரிய மாட்டு ஊசி போடச் சொல்றாரு அவரு. பால் நெறைய வருமாம்."

கிடேரியின் பின்பக்கம் போய் இடுப்பெலும்புக்குக் கை வைத்து அளந்து பார்த்தேன். ஒரு சாண் கூட இல்லை.

"வேணாம்மா. மொத ஈத்துக்கு ஜெர்சி போடச் சொல்லு. அதுவும் சின்னக் கன்னு போடுற காளையான்னு கேட்டுப் போடச் சொல்லு. ரெண்டாவது ஈத்துக்குப் பாத்துக்கலாம்."

"அவரு கேக்கமாட்டாரு மாமா."

"மாடு யாரு பேருல லோன் வாங்கினது?"

"எம்பேருலதான்."

"அப்புறம் இன்னா?"

அவள் கிடேரியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள்.